மூன்று வடிவம், ஒரே வளைவு

ஓசூரையடுத்த மத்திகிரி சமுதாயக் கூடத்தில், கணிதப் போட்டிப் பரிசளிப்பு விழாவில், நான் சொல்லாதது இது. சிறப்புப் பேச்சாளராய் மேடையேறுமுன் நடுவர் மேசையில் மாணவி மாதேஸ்வரியின் விடைத்தாளைப் பார்த்தேன். சரியான விடையொன்றின்மேல் சிவப்பு ஸ்டிக்கர். அந்த ஒன்றால் அவளுக்கு முதலிடம் போகிறது. முதலிடத்துக்கு மட்டும்தான் இலவச டிப்ளமோ இடம். நடுவர் தமிழரசன் தொழிற்சாலையில் தரச் சோதகர். மாதிரிப் பீஸோடு ஒத்துப் பார்த்து, மாறியிருந்தால் சிவப்பு ஒட்டுவது அவர் வேலை. விடைத்தாளையும் அப்படியே திருத்தியிருந்தார். அவரிடம் பேசுவதற்குள் என்னை அழைத்துவிட்டார்கள். இருவர் பெயரையும் நான் சொல்லவில்லை. சொன்னது இது.

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் கங்கப்பன் ஐயா அவர்களே! நடுநிலைக்கென்று நாற்காலி ஏற்ற நடுவர் அவர்களே! ஷிப்டு முடித்துச் சீருடையோடு ஓடி வந்திருக்கும் தந்தையரே! பிள்ளையின் பெயர் எப்போது வருமென்று ஒலிபெருக்கியையே பார்த்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

மும்மொழியும் கலக்கும் நம் எல்லை ஊர் ஜூஜுவாடியில் பஸ் நிற்கிறது. கீழே நிற்கும் பெண்ணை உள்ளிருந்து தோழிகள் அழைக்கிறார்கள். தமிழில் ஒருத்தி 'வா' என்கிறாள். கன்னடத்தில் ஒருத்தி 'பா' என்கிறாள். தெலுங்கில் ஒருத்தி 'ரா' என்கிறாள். அவள் எத்தனை பஸ்ஸில் ஏறுவாள்?

("ஒரே பஸ்ஸுதான் கண்ணு! மூணு பஸ்ஸுல ஏற அவ என்ன டிக்கெட் செக்கரா?" என்றார் முன்வரிசையில் ஒரு அம்மா. கூடம் சிரித்தது.)

கேட்டீர்களா? பாதிப் பாடத்தை அந்த அம்மாவே நடத்திவிட்டார்!

இருபடிச் சமன்பாடும் அப்படித்தான்; மூன்று விதமாய் எழுதலாம், வரையும் வளைவு ஒன்றே. x² − 8x + 12. இது திட்ட வடிவம். வளைவு நிமிர்ந்த அச்சைப் பன்னிரண்டில் வெட்டும் என்கிறது. எட்டில் பாதி நான்கு. நான்கின் வர்க்கம் பதினாறு. பதினாறைக் கூட்டுங்கள், உடனே கழியுங்கள். கூடவில்லை, குறையவில்லை, முகம் மட்டும் மாறியது: (x − 4)² − 4. இது முனை வடிவம். வளைவின் அடி எங்கே? நான்கில், தரைக்கு நான்கு கீழே. காரணிப்படுத்துங்கள்: (x − 2)(x − 6). இது வெட்டுத்துண்டு வடிவம். தரையை எங்கே வெட்டுகிறது? இரண்டிலும் ஆறிலும். பன்னிரண்டு எங்கே போனது? எங்கும் போகவில்லை. பெருக்குங்கள், திரும்பி வரும்!

("மேடம், பரிசக் குடுத்துருங்க, பஸ்ஸு போயிரும்!" என்றது பின்வரிசை.)

பஸ் போனால் இன்னொன்று வரும் அண்ணா. பரிசு தவறிப் போனால்?

மாதிரியோடு ஒத்துப் பார்ப்பது நேர்மை. அந்த நேர்மையால்தான் ஓசூரின் பொருள் ஊரூராய் ஓடுகிறது. ஆனால் விடை என்பது இரும்புத் துண்டா? நம் கையில் இருக்கும் மாதிரி விடை x² − 8x + 12. ஒரு பிள்ளை எழுதியது (x − 4)² − 4. பார்த்தால் வேறு, பெருக்கினால்? வினாத்தாளில் வளைவின் படத்தைப் போட்டு, முனையைக் காட்டிச் சமன்பாடு கேட்டவர்கள் நாம். முனையிலிருந்தே தொடங்கியவள் தவறியவளா? ஒருமுறை, ஒரே ஒருமுறை, பெருக்கிப் பார்ப்போம். பிறகு பெயர்களை வாசிப்போம். பொறுத்திருந்த பெரியோர்க்கு நன்றி. எழுதிய பிள்ளைகள் எல்லோருக்கும் என் வணக்கம்.

தமிழரசன் அந்தத் தாளை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். ஒலிபெருக்கிக்கு வந்து, "பீஸு ஓ.கே.தாங்க. நான்தான் தப்பா ரிஜெக்ட் பண்ணிட்டேன்," என்றார். கங்கப்பன் மாதேஸ்வரியின் பெயரை முதலில் வாசித்தார். அவளோடு மேடையேறி வந்த அவள் தாய், பஸ் கேள்விக்குப் பதில் சொன்ன அதே அம்மா. ஜூனில் அவள் டிப்ளமோவில் சேர்ந்தாள்.