நகம் வெட்டிய கை

புன்னகையாலேயே இந்த அவையை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, என் சொல்லில் சுவையிருக்கும் என்று இன்னமும் நம்பும் பெரியோர்களே, அடுக்களையை அப்படியே போட்டுவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, சுவரோரம் நின்றபடியே கேட்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்!

வில்லனைப் படைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் என் வில்லனிடம் தோற்ற கதையைச் சொல்கிறேன்.

அவன் ஒரு தளபதி. மழை தூறிய மதியத்தில், விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே, வெண்புகை போல் என் அறைக்குள் மிதந்து வந்தான். விரலை அசைத்தால் மதில் சரியும். விழியை உருட்டினால் வனம் கருகும். மயக்கம் தெளியாமலே முந்நூறு பக்கம் எழுதினேன். அடடா, என்ன ஆற்றல்! என்ன ஆணவம்! என்ன ஆர்ப்பாட்டம்!

அச்சகத்தில் பிழை திருத்தும் அம்மையார் ஒருவர். சன்னலோர மேசை, சிவப்புப் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி. தாள்கட்டைத் திருப்பித் தந்தார்.

"கொட்டாவி வந்துடுச்சு சார். ஊரையே கொளுத்துறான், எனக்குச் சூடே தெரியல. இதுல ஆள் எங்க சார்?"

சிரிக்கிறீர்கள்! அன்று எனக்கு முகம் சுண்டிப்போனது. வீம்போடு திருத்தினேன். தளபதிக்குத் தாயில்லாத இளமை தந்தேன்; தனிமை தந்தேன்; தலையணை நனையக் கண்ணீரும் தந்தேன். அம்மையார் படித்தார். பேனாவை மூடினார்.

"இப்போ அவனைப் பார்த்தா பாவமா இருக்கு. அவன் கொளுத்தின வீட்டுல இருந்தவங்க பாவமில்லையா?"

"அப்புறம் என்னதாம்மா எழுதச் சொல்றீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள், எனக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"எங்கப்பா கை ஓங்கினா வீடே நடுங்கும் சார். ஞாயித்துக்கிழமை அதே கையால எனக்கும் தம்பிக்கும் நகம் வெட்டிவிடுவாரு. அவ்வளவு பதமா. பொட்டு ரத்தம் வராது. அடிக்கும்போதாவது அழுவோம். நகம் வெட்டும்போது மூச்சுகூட விடமாட்டோம்."

அவையோரே! வலிமையை ஒரு தட்டிலும் மனத்தை மறு தட்டிலும் வைத்தல்லவா நான் நிறுத்துப் பார்த்தேன்? இரண்டும் ஒரே கையில் அல்லவா இருந்தன! பதம் தெரிந்த அந்தக் கை அறியாமல் அடிக்கவில்லை, அறிந்தே அடித்தது. அந்த அறிவுதான் அச்சம்! அந்த அறிவுதான் ஆழம்!

மறுபடி எழுதினேன். மதில் சரிவது நான்கே வரி. எரிக்கப்போகும் ஊரில், ஒரு சிறுமியின் கழன்ற செருப்பு வாரை மண்டியிட்டு மாட்டிவிடுகிறான் தளபதி. "உன் வீடு எதும்மா?" என்று கனிவாய்க் கேட்கிறான். அவள் கை நீட்டிக் காட்டுகிறாள்.

அந்தப் பக்கத்தையும் அம்மையாரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு, "இந்தப் பக்கத்தை நான் எடுத்துட்டுப் போகட்டுமா சார்?" என்றார்.

மறுவாரம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"தம்பிக்குப் போன்ல வாசிச்சேன் சார். முப்பது வருஷமா அப்பா பேச்சை எடுத்தாலே வச்சிடுவான். அன்னைக்கு வைக்கல. 'அக்கா, உனக்கும் அப்படித்தான் இருந்துச்சா?'ன்னு கேட்டான்."

எழுத வந்திருக்கும் இளையோரே, எங்கோ ஒரு தம்பி அந்தக் கேள்வியைக் கேட்பதற்காக எழுதுங்கள்! செவியோடு நெஞ்சையும் திறந்து வைத்த உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.