பஸ்ஸில் ஏறாத ஏழாம் நம்பர்

"ஹலோ... ஹலோ, கேப்டன் சாரா? ... ஆமா, ஆமா, நான்தான். சும்மாதான் கூப்பிட்டேன். ஏரிக்குப் போய்ச் சேர்ந்தாச்சா? ... இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கலையா? அதுவும் நல்லதாப் போச்சு. ... காத்து நல்லா வருதா? ... சந்தோஷம் சார். எல்லாரும் சௌக்கியமா வந்து சேர்ந்தாங்களா? ... பதினொரு பேருமா? ... நல்லா எண்ணிட்டீங்களா?"

பஸ் தன்னை விட்டுவிட்டுப் போய் ஒரு மணி நேரமாகிறது என்பதை அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்ல அவசரமும் இல்லை. பள்ளிக்கூட வேனில் தினமும் இருபத்து நாலு பிள்ளைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, கடைசியில் சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவள். பிள்ளைகளுக்கு அவள் வேன் ஆன்ட்டி. புருஷனின் ஆபீஸ்காரர்களோடு வந்த இந்த மலையேற்றப் பயணத்தில் வெறும் ஏழாம் நம்பர்.

"நான் எங்கேயிருந்து பேசறேன்னு நினைக்கறீங்க? ... பின் சீட்ல தூங்கறேனா! தூக்கத்துலயே போன் பண்றேனாக்கும். ... சார், பின் சீட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. ... என்ன இருக்கு? ... என் ஸ்வெட்டர். அதுக்குக் கை இருக்கு சார், வாய் கிடையாது. ... மியூசியத்துல. ... ஆமா, காலைல நீங்க எட்டு நிமிஷத்துல சுத்தி முடிச்சீங்களே, அதே மியூசியம். ... பதறாதீங்க, என்னை யாரும் தூக்கிட்டுப் போகலை. நீங்ககூடத் தூக்கிட்டுப் போகலைங்கறதுதானே விஷயமே."

மலையில் நடந்த மூன்று நாளும் கேப்டன் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அதனால்தான் அவர் கேப்டன். மற்றபடி சம்பளப் பிரிவு குமாஸ்தா. விசில் ஊதினால் ஒன்று, இரண்டு என்று பதினொரு பேரும் வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். இவளுக்கு மூச்சு வாங்கியதால் ஆறாம் நம்பரான புருஷனே "ஆறு, ஏழு" என்று சேர்த்துச் சொல்லிவிடுவார். கீழே இறங்கி ஓய்வு நாள் ஆரம்பித்த பிறகும் அந்த வழக்கம் விடவில்லை.

"வேண்டாம் சார், எப்படி நடந்துதுன்னு கமிட்டி போட வேண்டாம். இப்ப ஒரு தடவை எண்ணுங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். ... அட, விசிலையும் ஊதுங்க. ... ம்... ம்... மூணு யாரு, தொண்டை கட்டியிருக்கு? ... ம்... ம்... சார்! சார், நிறுத்துங்க! ... கேட்டீங்களா? இப்பவும் சொல்லிட்டார் சார்! ரெண்டையும் ஒரே மூச்சுல! ... நான் இங்கே போனும் கையுமா நிக்கறேன், அங்கே எனக்கு ஆஜர் விழுது! ... சிரிக்காதீங்க. ... பரவாயில்லை, சிரிச்சு முடிங்க. முடிச்சுட்டு அவர்கிட்ட குடுங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வேறு யாருக்காவது நடந்திருந்தால் அவளும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஒரு மணி நேரமாகப் பக்கத்தில் பெண்டாட்டி இல்லை என்பது ஒரு மனுஷனுக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

"ஏங்க... ம்... கேட்டேன். நம்பர் ரொம்பத் தெளிவா சொன்னீங்க. ... உங்க போன் எங்கே? பதினஞ்சு தடவை அடிச்சேன். ... ஓ, ரூம்லயே சார்ஜ் போட்டுட்டு வந்துட்டீங்களா. பொண்டாட்டியையும் அங்கேயே சார்ஜ்ல போட்டுட்டு வந்ததா நினைச்சுட்டீங்களாக்கும். ... பழக்கமா? ஆமா, பழக்கம்தான். டாக்டர் என்னைப் பார்த்து எங்கே வலிக்குதுன்னு கேட்டா நீங்கதானே சொல்லுவீங்க. ... நல்லதுக்குத்தான், யார் இல்லேன்னா? ... ஆனா இன்னிக்கு வலிச்சுதுங்க. கேட்ல அரை மணி நேரம் நின்னேன். வர்ற பஸ்ஸெல்லாம் நம்ம பஸ்ஸுன்னு கையைக் காட்டி, ரெண்டு பஸ் நின்னே போச்சு."

அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். மியூசியத்தின் மாடி ஹாலில் நின்றிருந்த அவள் நடுவிலிருந்த பெரிய மேஜைக்கு அருகே நகர்ந்தாள்.

"ஏன் பின்தங்கினேனா? மாடியில ஒரு ஹால் இருக்குங்க. நீங்க யாரும் வரலை, படி ஏறணுமேன்னு. மலையே ஏறின வீரர்கள், பதினாலு படி ஏற முடியலை! ... நாம ஏறின மலையை மேஜை மேல சின்னதா அப்படியே செஞ்சு வச்சிருக்காங்க. பாதையைச் சிவப்புக் கோடா போட்டிருக்கு. ... மூணு நாளும் நான் மலையில என்ன பார்த்தேன் தெரியுமா? உங்க ஷூவோட குதிகாலை. நிமிர்ந்தா தலை சுத்தும்னு வேற எதையும் பார்க்கலை. ... இன்னிக்குத்தாங்க பார்க்கறேன். அந்தச் செங்குத்துப் பாறையில என் விரலே வழுக்குது. அதுல நான் ஏறியிருக்கேங்க! நான்! ..."

சட்டென்று கிண்டலுக்குத் திரும்பிக்கொண்டாள். அது அவளுக்குக் கைவந்த கலை.

"சரி சரி, நீங்க போய் போட்ல ஏறுங்க. நேத்து முழுக்கத் தைலம் தேய்ச்சுக் குறட்டை விட்டாச்சு, இன்னிக்காவது ஊரைப் பாருங்க. ... பஸ்ஸைத் திருப்ப வேண்டாம். நானே ரூமுக்கு வந்துக்கறேன். ... கோபமெல்லாம் இல்லை. ... என்ன? ... போட்டுக்கு எத்தனை டிக்கெட்டுன்னு கேப்டன் கேட்கறாரா? ... சொல்லுங்க, சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பதினொன்று என்று சொன்னால் அவள் ஆச்சரியப்படப் போவதில்லை. பத்து என்று சொன்னால், எண்ணவாவது கற்றுக்கொண்டாரே என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

"என்ன சொன்னீங்க? ... ஒன்பதா? ... ஏங்க, நான் ஒருத்திதானே இல்லை. இன்னும் யாரு குறையறா? ..."

"... ம். ... ம். ... டவுன் பஸ்ல இங்கே வர ஒரு மணி நேரம் ஆகுமே. நின்னுக்கிட்டே வரணும். ... முட்டி வலிக்குதுன்னீங்களே. ... சரி. ... சரிங்க. ... அழறேனா? யார் சொன்னா? ..."

"... ஆமா, அழறேன். வாங்க."

போனை வைத்துவிட்டாள்.