பல்லுப் பிடிச்சுப் பாத்த லேப்டாப்

கதவைச் சாத்தாதீங்கண்ணே, உள்ள மருமக நான் மட்டுந்தான் வாரேன். எங்க மாமனாரை அந்தா அங்கிட்டு டீக்கடையிலயே உக்கார வச்சுட்டேன். நேத்து ஒங்க கடையில நடந்ததுக்கு மன்னிச்சுக்கங்க. விரலு வலி விட்டுருச்சா?

திருமயம் பக்கம் முப்பது வருசமா மாட்டுத் தரகருண்ணே அவரு. வெலை பேசணும்னா துண்டைப் போத்தி, அதுக்கடியில விரலைப் பிடிச்சுத்தான் பேசத் தெரியும். நீங்க கத்துனதும் அவரும் பயந்துட்டாரு. அம்புட்டுக் கொறைச்சலாவா கேட்டுட்டோம்னு.

லேப்டாப்பு பட்டனை ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்தாருல்ல? அது மாட்டுக்குப் பல்லு பாக்குறது. எல்லாம் சரியாத்தான் இருக்கு, கீழ்வரிசையில ஒரு பல்லு மட்டும் ஏன் இம்புட்டு நீளம்னு வீட்டுல வந்து கேட்டாரு. கவுத்திப் பாத்தது, மாட்டுக்கு ராசியான சுழி இருக்கான்னு பாக்குற மாதிரி. தரையில வச்சு நடக்கவிடச் சொன்னாராமே? அது காலு நொண்டுதான்னு பாக்கண்ணே.

நீங்க ரோஸ் கலர்ல, கிளி பாட்டுப் பாடுற டேப்லெட்டை எடுத்துக் காட்டுனதுல தப்பே இல்ல. ஆறு வயசுப் பேத்திக்குன்னு அவருதான சொன்னாரு. பொய்யிண்ணே. வெக்கம்.

கோவத்தை விடுங்க. இன்னைக்கு லேப்டாப்போடதான் நான் பஸ் ஏறணும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள யுனிவர்சிட்டிக்கு அசைன்மென்ட் ஏத்தலைன்னா பரிச்சை எழுத விடமாட்டாங்க. ஒரு வருசம் போச்சு.

வேணுங்கிறதை எழுதியாந்துருக்கேன். எட்டு ஜிபி ரேமு, எஸ்எஸ்டி. இது எம்மக டீச்சர் ஷர்லி சொன்னது. மத்ததெல்லாம் நான் எழுதுனது. எழுத்து பெருசாத் தெரியணும். தமிழ்ல அடிக்கிற மாதிரி போட்டுக் குடுங்க. பக்கத்துல ஆடு கத்துனாலும் வாத்தியாரு பேசுறது கேக்கணும். அப்பறம் இந்த அப்டேட்டு பகல்ல வரவே கூடாது. போன வாரம் எரவல் வாங்குன லேப்டாப்புல, அணைக்காதீங்கன்னு எழுதி வந்துச்சு. படிக்கிற ஆளு மூணு மணி நேரம் விசிறிக்கிட்டே பக்கத்துல உக்காந்துட்டாரு. சோத்துக்குக்கூட எந்திரிக்கல.

பில்லுக்கா? ஐயனார்னு போடுங்க. ஆமா, மாமா பேருதான். படிக்கிற ஆளு பேருதான கேட்டீங்க?

அவருதாண்ணே. பி.ஏ. வரலாறு, மொத வருசம்.

சிரிக்காதீங்க, அங்கேருந்து பாப்பாரு. எம்மக கார்முகிலுக்குக் காதுகுத்துன்னு போன வருசம் பத்திரிகை அடிக்கக் குடுத்தோம். எங்கப்பா பேருக்குப் பின்னாடி பி.ஏ.ன்னு வந்துருந்துச்சு. மாமா பேருக்குப் பின்னாடி வெறும் கமா. மாதிரிப் பத்திரிகையை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, விசேஷம் மூணு வருசம் கழிச்சுன்னுட்டாரு. அப்பறம் பி.ஏ. சேர ஃபாரம் வாங்கியாரத்தான் வீட்டை விட்டுக் கெளம்புனாரு.

பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளையும் தோடு போட்டுருக்குன்னு இவ ஸ்டிக்கர் பொட்டைக் காதுல ஒட்டிக்கிட்டுப் போறா.

அதனால நல்ல மெசினாப் பாத்துக் குடுங்கண்ணே. அவரு ஒரு பேப்பர்ல அரியர் வச்சாலும், நாலாப்புலயும் எம்மக பொட்டு ஒட்டிக்கிட்டுத்தான் போகணும்.