துதிக்கை இடம் மாறிய பிள்ளையார்

பிள்ளைகளா, நேற்று பிள்ளையார்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்ததை உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன்.

"எங்க வீட்டுப் பிள்ளையாரு பல்டி அடிச்சிட்டாரு அண்ணி," என்றாள் ஒருத்தி. "துதிக்கை வலது பக்கம் போயிடுச்சு."

"எந்தப் பிள்ளையாரு?" என்று கேட்டாள் அண்ணி.

"நம்ம கோமளா கேன்வாஸ் துணியில உல்லன் நூல்ல போட்டுக்கினு இருந்தாளே, அவருதான். எங்க தறியில புடவையோட நல்ல பக்கம் கீழதானே இருக்கும்? அந்தப் பழக்கத்துல படத்தைக் கவுத்து வெச்சுத் தையல் போட்டுட்டா."

"பிரிச்சுப் போடச் சொல்லேன்."

"வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வராங்க அண்ணி. கைவேலைன்னு வேற எதைக் காட்டுறது? மாப்பிள்ளையோட அம்மா ஆசாரக்காரி. வலம்புரிப் பிள்ளையாரைச் சும்மா சுவத்துல மாட்டலாமான்னு எழுந்து போயிட்டா?"

"அப்போ பின்பக்கத்தைக் காட்டி மாட்டு."

"பாத்தேன். நூல் முடிச்செல்லாம் தொங்கி, தாடி வெச்ச சாமியாராட்டம் இருக்காரு."

அண்ணி சிரித்து முடிப்பதற்குள் ஒரு ஸ்டாப்பிங் போய்விட்டது.

"துதிக்கை மறையற மாதிரி ஒரு முழம் கதம்பம் சாத்திடு. வர்றவன் பொண்ணைப் பாப்பானா, துதிக்கையைப் பாப்பானா?"

இருவரும் இறங்கிவிட்டார்கள்.

தறிக்காரர் வீட்டில் உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று, எனக்கும் ஒரு கம்பளிப் பிள்ளையாரைக் காட்டினார்கள். நம் கூடத்தில் இருக்கிறாரே, அவர்தான். ஒருநாள் தவறாமல் அம்மா அவருக்குப் பூச்சரம் சாத்துகிறாள்.

நேற்று சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. சரத்தை விலக்கிப் பார்த்தேன். பிறகு, முன்பு இருந்தபடியே துதிக்கையின் மேல் இழுத்துவிட்டேன்.