பெயர் எழுதாத சீட்டு

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது எந்தக் குழாயும் சொட்டுவதில்லை, டாக்டரம்மா. குரங்கு நுழைந்த ஜன்னலுக்கு வலை போட்டாயிற்று. பனியில் வழுக்கும் படிகளில் சாக்கு விரித்தாயிற்று. மூன்றும் பெட்டியில் விழுந்த சீட்டுகளால் நடந்தவை. மூன்றையும் எழுதியவன் நான். இடது கையால் எழுதினேன்.

பெட்டி எப்படி வேலை செய்யும் என்று நீங்கள் விளக்கியபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யார் தவறு செய்தாலும், தவறு நடக்கப் பார்த்தாலும், ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். பெயர் வேண்டாம். எழுதியவருக்குத் தண்டனை கிடையாது. சனிக்கிழமை கூட்டத்தில் நீங்கள் பெட்டியைத் திறப்பீர்கள். யார் செய்தது என்று கேட்காமல், ஏன் நடந்தது என்று மட்டும் பேசுவோம். அருமையான ஏற்பாடு. ஆனால் பூட்டோடு இரண்டு சாவி வந்தது. இரண்டாவதை மருந்தறைச் சாவிக்கொத்தில் கோத்து வைக்கச் சொன்னீர்கள். இங்கே மருந்தாளுநர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் நீங்கள் கொட்டச்சேடு முகாமுக்குப் போனதும் நான் பெட்டியைத் திறப்பேன். ஏழு பேர் வேலை செய்யும் இடத்தில் பெயரில்லாத சீட்டு என்று ஒன்று கிடையாது. எல்லோர் கையெழுத்தும் மருந்துப் பதிவேட்டில் தினமும் என் கண்ணில் படுகிறது. நர்ஸ் இன்பமேரியின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவள் எழுதியிருந்தாள்: “பிரசவத் தட்டில் குழந்தை ஊசியும் தாய் ஊசியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இன்று மாற்றி எடுத்துவிட்டேன். உடைப்பதற்குள் பார்த்துவிட்டேன். தள்ளி வைத்தால் நல்லது.”

அந்தத் தட்டை அடுக்குபவன் நான். இரண்டும் ஒரு மில்லி பிடிக்கும் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். வெளிச்சம் பட்டால் மருந்து கெடும், அதனால் பழுப்பு. ஒன்றில் வைட்டமின் கே, பிறந்த குழந்தைக்கு ரத்தம் உறைவதற்காக. மற்றது பிரசவமான தாயின் கருப்பையை இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும். அதைக் குழந்தைக்குப் போட்டால் மூச்சையே நிறுத்தப் பார்க்கும். நான் உயரவாரியாக அடுக்குகிறவன். பெரியதில் தொடங்கி சிறியதில் முடியும் வரிசையைப் பார்த்தால் மனம் நிறையும். இரண்டும் ஒரே உயரம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

இன்பமேரி ஒப்பந்த வேலையில் இருப்பவள். கவனமில்லாதவள் என்ற பெயர் அவளுக்கு எதற்கு? அவள் நன்மைக்காகச் சீட்டை எடுத்துக்கொண்டு, குழாயைப் பற்றி ஒன்று எழுதிப் போட்டேன். திங்கட்கிழமையே குழாய்க்காரர் வந்துவிட்டார். ஒரு சீட்டுக்கு இவ்வளவு வலு இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். அவளுடைய இரண்டாவது சீட்டுக்குப் பதில் குரங்கு. மூன்றாவதில் இரண்டு வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குப் படிக்கட்டு.

அதன்பிறகு மருந்தறை ஜன்னலுக்கே வந்துவிட்டாள். “ஏனுங்க சார், அந்த ரெண்டையும் தள்ளி வெச்சா உங்க வரிசையோட அழகு கொறஞ்சா போயிரும்?”

“பேரைப் படிச்சுட்டு ஒடச்சாப் போதும் கண்ணு,” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் ஒரே காலையில் மூன்று பிரசவம். மூன்றாவது, நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் கவிதாவுக்கு. சிறிது நேரத்தில் குழந்தையின் கைகால் வெட்டி இழுத்தது. இன்பமேரி உடைந்த குப்பியை எடுத்துப் பார்த்தாள். நேராக உங்களிடம் வந்து, “மாத்திப் போட்டுட்டனுங்க டாக்டரம்மா, தப்பு என்னுதுங்க,” என்றாள். என்ன மருந்து போயிற்று என்று உடனே தெரிந்ததால்தான் குழந்தை கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி சேலம் போய்ச் சேர்ந்தது. பிழைத்தும் கொண்டது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருக்காது. இதை நான் மறுக்க மாட்டேன்.

நீங்கள் ஆம்புலன்ஸில் போயிருந்தபோது தட்டை மாற்றி அடுக்கினேன். குழந்தை ஊசி ஒரு மூலையில், தாய் ஊசி மறு மூலையில், நடுவில் சிவப்பு ஒட்டுத்துணி. இரண்டு நிமிட வேலை. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் வந்த விசாரணைக் குழு தட்டைப் பாராட்டி எழுதியது.

மூன்று முறை எழுதிப் போட்டேன் என்று இன்பமேரி சொன்னாள். நீங்கள் சீட்டுக் கோப்பைப் புரட்டினீர்கள். குழாய், குரங்கு, படிக்கட்டு. கவனமில்லாதவள் என்பதோடு பொய்க்காரி என்ற பெயரும் அவளுக்குச் சேர்ந்தது. இந்தச் சனிக்கிழமை அவளை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் சீட்டுகள் மூன்றும் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. அவ்வளவு அழகான கையெழுத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கொடுமைக்காரன் இல்லை. அதனால்தான் இதை வலது கையால், நிதானமாக எழுதுகிறேன். சீட்டுகளை எடுத்தவன் நான், மாற்றியவன் நான், தட்டைத் திருத்தி வைத்தவனும் நான். பெயர் போடவில்லை, அது உங்கள் விதி. தண்டனை கிடையாது என்பதும் உங்கள் விதிதான்.

அவளுடைய மூன்று சீட்டுகளையும் இதோடு சேர்த்துக் குத்தி இன்று பெட்டியில் போட்டுவிடுகிறேன். ஒரு மனிதன் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? நாளை வெள்ளிக்கிழமை. நீங்கள் முகாமுக்குப் போனதும் வழக்கம்போலத் திறந்து, உங்கள் பார்வைக்குப் போக வேண்டியதுதானா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிடுகிறேன்.