நாய் முழுங்கின வாக்கி டாக்கி

சத்தியமாச் சொல்றேன் தம்பி, ஒரு எழுத்து பொய் கிடையாது. பொய்யா இருந்தா இந்த நாக்கு இப்பவே அழுகி விழட்டும். அந்த நாய் வாக்கி டாக்கி செட்டை முழுசா முழுங்கிடுச்சு. ஏரியலோட. ஏன் பேனாவை மூடறீங்க? உங்க கம்பெனி செட்டைப் பயன்படுத்தினவங்க அனுபவம் வேணும்னு கேட்டுத்தானே வந்தீங்க? இதுதான் அனுபவம்.

எங்க மாவு மில்லு காவல் நாய், கன்னுக்குட்டி சைஸ் இருக்கும். மேனேஜர் சாப்பாட்டுப் பொட்டலத்து மேல வாக்கி டாக்கியை வச்சிட்டுக் கை கழுவப் போனாரு. திரும்பி வந்தா பொட்டலமும் இல்ல, செட்டும் இல்ல. நாய் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுல படுத்திருக்கு. அந்த நேரம் பாத்து ஒரு லாரிக்காரன் உள்ள வரான். மேனேஜர் வேற செட்டுல யாரையோ திட்டறாரு. அது எங்க கேக்குது? நாய் வயித்துல கேக்குது. யாரைக் கேட்டுடா உள்ள வந்தேன்னு. லாரிக்காரன் நாயைக் கும்பிட்டுட்டு அப்படியே ரிவர்ஸ்ல போயிட்டான். நாலு நாள் நின்னுச்சு பேட்டரி. அந்தக் காலத்துப் பேட்டரி. நாலாம் நாள் நாய் கேன்டீன் பக்கம் போகுது, வயித்துக்குள்ள இருந்து சத்தம் வருது, அந்த ரெண்டு சோம்பேறியையும் இன்னியோட வீட்டுக்கு அனுப்புங்கன்னு. அங்க டீ குடிச்சிட்டிருந்த ரெண்டு பேரும் நெடுஞ்சாண்கிடையா நாய் கால்ல விழுந்துட்டாங்க.

பாத்தீங்களா, சிரிச்சிட்டீங்க. எல்லாரும் அந்த எடத்துலதான் சிரிப்பாங்க. எனக்குத் தெரியும்.

வா வா, உள்ள வா. டீயை ஸ்டூல் மேல வை. சிந்தாம வை. என் போனை சார்ஜ் போட்டியா? போட்டா மட்டும் போதுமா, ஏறுதான்னு பாத்தியா? பாத்தேன்னா மறுபடி போய்ப் பாரு. கதவைச் சாத்திட்டுப் போ. நீங்க டீயை எடுத்துக்குங்க தம்பி. அவன் கொஞ்சம் அப்படித்தான். பேச மாட்டான்.

எங்க விட்டோம்? ஏழாவது கேள்வி. பழைய செட்டுல இருந்து புதுசுக்கு ஏன் மாறினீங்க. அதுக்கு நான் சொல்லணுமா, உங்க கம்பெனி விளம்பரப் புஸ்தகத்துலயே எவ்வளவு வித்துச்சுன்னு கோடு போட்டுக் காட்டியிருக்கீங்களே, ஏணி மாதிரி ஏறுது. புது செட்டு போன் மாதிரி. ஊர் தாண்டிப் பேசலாம், ஆள் எங்க நிக்கறான்னு மேப்புல காட்டும், ஆள் விழுந்தா அதுவாவே அலறும். சுரங்கம், துறைமுகம், ஆம்புலன்ஸு, எல்லாரும் வாங்கறாங்க. தீயணைப்புக்காரங்க மட்டும் பழசையும் விடல. டவர் போச்சுன்னா புதுசு ஊமையாயிடும்ல? இடுப்புல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி திரியறாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல கத்தும்போது பாக்கணுமே அவனுங்க மூஞ்சியை.

எட்டாவது என்ன? முக்கியமான வசதியை வரிசைப்படுத்தவா? முதல்ல புது செட்டுல வர்ற அந்தச் சிவப்புப் பட்டனை எழுதுங்க. ஆபத்துன்னு அமுக்கினா, வேற யார் பேசிட்டிருந்தாலும் வெட்டிட்டு நம்ம குரல் போகும் பாருங்க, அது. மத்ததெல்லாம் எப்படி வேணா போட்டுக்குங்க.

ஏன்னா... அதான், பழசுல அது கிடையாது. ஒருத்தன் பட்டனை அமுக்கிட்டான்னா மத்தவன் எல்லாம் வாயைப் பொத்திக்க வேண்டியதுதான். மீறி அமுக்கினா கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பேசறவனுக்கு அதுவும் கேக்காது.

லெட்டரா? என்ன லெட்டர்? குடுங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

ஓஹோ. எங்க மில்லுல பேட்டரிக்கெல்லாம் சார்ஜ் போட்டுட்டிருந்த சார்ஜ் ரூம்காரன் உங்க கம்பெனிக்கு எழுதியிருக்கான். புஸ்தகத்துல பன்னெண்டாம் பக்கத்துல வருதே, ஒரு மாவு மில்லுல பேட்டரி சார்ஜ் போட மறந்ததால ஒரு தொழிலாளி குதிருக்குள்ள பொதைஞ்சு செத்தாருன்னு, அந்த வரியை எடுத்துடச் சொல்றான். பதினாலு வருஷமா யோசிச்சுப் பாக்கறேன், அன்னிக்குக் காலையில அந்தப் பேட்டரியைச் சொருகின ஞாபகம் என் கையில இருக்குன்னு எழுதியிருக்கான். கையில ஞாபகம் இருக்காம். நல்லாத்தான் எழுதறான். அப்ப ஸ்டோர்ல இருந்த நான் ஒரு கையெழுத்துப் போட்டா நீங்க எடுத்துடுவீங்க. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா? நாய்க் கதையெல்லாம் பொறுமையாக் கேட்டீங்களேன்னு அப்பவே நெனச்சேன்.

செத்தவனை நாங்க நெட்டைன்னு கூப்பிடுவோம். குதிர்னா வீட்டுல வைக்கற குதிர் இல்ல தம்பி, எட்டு மாடி உயரம், உள்ள பூரா கோதுமை. ஈரம் பட்டா கோதுமை பாறை மாதிரி இறுகிக்கும். ஒருத்தன் மேல நின்னு கம்பியால குத்தணும். சட்டப்படி அடியில கோதுமையை இழுத்துட்டுப் போற பெல்ட்டை நிறுத்திட்டுக் குத்தணும், ஓடிட்டே இருந்தா கோதுமையோட ஆளையும் உள்ள இழுத்துடும். எங்க மில்லுல யாரு அவ்வளவு நேரம் நிறுத்தறது? நெட்டை குத்திட்டு, விடுன்னு செட்டுல சொல்வான். கன்ட்ரோல் ரூம்காரன் பெல்ட்டை விடுவான். கோதுமை கொஞ்சம் எறங்கினதும் நெட்டை நிறுத்துன்னு சொல்வான், அவன் நிறுத்துவான். விடு, நிறுத்து. விடு, நிறுத்து. எத்தனையோ வருஷம் அந்த ரெண்டு வார்த்தையிலதான் அந்த மில்லே ஓடுச்சு. இடுப்புல கயிறு கட்டுவான், அது சும்மா ஒரு மரியாதைக்கு.

அன்னிக்கு விடுன்னான். பெல்ட்டு ஓடுச்சு. அப்ப நான் பட்டனை அமுக்கினேன்.

சும்மாதான். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா நான் ஒரு கதை விடறது வழக்கம். பதினாறு செட்டு, பதினாறு காது, வேற எங்க கிடைக்கும் அப்படி ஒரு சபை? எல்லா செட்டும் ஒரு நிமிஷம் தொடர்ந்து பேசினா தானாக் கட்டாகும். அந்தக் கட்டு என் செட்டுல கிடையாது, நானே எடுத்துட்டேன். என் கதை ஒரு நிமிஷத்துல அடங்குமா சொல்லுங்க.

எந்தக் கதையா? இப்ப சிரிச்சீங்களே, அதேதான். லாரிக்காரன் வர்ற எடத்துல கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்துச்சாம். எவனோ நடுவுல வாலாட்டறான்னு கன்ட்ரோல் ரூம்காரன் நெனச்சானாம். கேன்டீன் வரைக்கும் வந்துச்சாம். நாய் கால்ல விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னு போச்சாம். நான் பட்டனை விட்டதும் கன்ட்ரோல் ரூம்காரன் சிரிப்பை அடக்க முடியாம, அண்ணே அந்தக் கடைசியை இன்னொரு தடவை சொல்லுங்கன்னான். சொன்னேன். அப்புறம்தான் ஒருத்தன் கேட்டான், நெட்டை ஏன்யா இன்னும் நிறுத்துன்னு சொல்லலன்னு.

குதிரோட அடிப்பக்கத் தகட்டை வெட்டித்தான் அவனை எடுத்தாங்க. செட்டு அவன் கையிலயே இருந்துச்சு, விரல் பட்டன் மேல அப்படியே. கழட்டினது நான்தான், செட்டெல்லாம் என் பொறுப்பில்ல? பேட்டரி நல்லா இருந்துச்சு. முக்காவாசி இருந்துச்சு. ஸ்டோருக்குள்ள போய் அதை எடுத்துட்டுச் செத்த பேட்டரி ஒண்ணை மாட்டிக் கொண்டு வந்து விசாரணைக்காரர் கையில குடுத்தேன். ஒரு சட்டைப் பொத்தான் போடற நேரம்கூட ஆகல.

மத்தவங்களா? அத்தனை பேர் கேட்டாங்க, ஒருத்தன் வாயைத் தொறக்கல. சிரிச்சவன் எப்படிச் சொல்வான்? கேக்காதவன் சார்ஜ் ரூம்காரன் ஒருத்தன்தான். அத்தனை செட்டுக்கும் சார்ஜ் போட்டுக் குடுக்கறவன் கையில ஒரு செட்டு கிடையாது. வேலை போச்சு. நெட்டை பொண்டாட்டி நடுத்தெருவுல வச்சு அவன் மூஞ்சியில துப்பினா. தொடைச்சிக்கவே இல்ல அவன். ஊர்ல பசங்க காலி பேட்டரின்னு பேர் வச்சுட்டாங்க. கூடப்பொறந்த அக்கா பதினாலு வருஷமா அவன்கூடப் பேசறதில்ல, சோறு மட்டும் போடறா, தனித் தட்டுல. கொலைகாரனுக்கு இதுவே அதிகம்னு சொல்வா.

நீங்க எழுதாதீங்க. கதைதானே சொல்றேன். நீங்க போய்ச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க, நாய்க் கதைக்காரன் இன்னொரு கதை விட்டான்னு சிரிப்பாங்க. உங்க முதலாளியும் நம்ப மாட்டார். அந்த ஏணி மாதிரிக் கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு நெனச்சீங்க? இந்தக் கட்டை விரல்லதான். மில்லு மொத்தமா புது செட்டு வாங்குச்சு, அந்தக் கதையைச் சொல்லித்தான் நீங்க மத்த எடமெல்லாம் வித்தீங்க. என்னைக்கூட மேடையில உக்கார வச்சு, பாதுகாப்பு பத்திப் பேசச் சொன்னீங்களே.

கையெழுத்து எங்க போடணும்? இங்கயா? மேல எழுதறேன் பாருங்க. பேட்டரி காலியா இருந்ததை என் கண்ணால பாத்தேன். அந்த வரி அப்படியே இருக்கட்டும். இந்தாங்க.

லெட்டர்ல விலாசம் இல்லைன்னு பாக்கறீங்களா? போட மாட்டான். இந்த வீட்டு விலாசம்தானே போடணும். டீ கொண்டு வந்தானே, அவன்தான். என் மச்சினன். வேற எங்க போவான், பின்னாடி ரூம்ல இருக்கான். ஊரே ஒதுக்கினவனை வீட்டுல வச்சு சோறு போடறீங்களே, நீங்க தெய்வம் மாமான்னு சொல்வான். ராத்திரி நாலு தடவை எழுந்து என் போன் சார்ஜ் ஏறுதான்னு பாப்பான், பாவம்.

வா, டம்ளரை எடு. சார்ஜ் எவ்வளவு இருக்கு? நூறா? சரியாப் பாத்தியா? சார் ஒண்ணுமில்ல, சும்மா நம்ம நாய்க் கதை கேட்டுட்டிருந்தாரு. கெளம்பறாரு. செருப்பை எடுத்துக் குடு.

பாத்துப் போங்க தம்பி. நாய்க் கதையை எங்க வேணா சொல்லுங்க, என் பேரைப் போட்டே சொல்லுங்க. இன்னொண்ணு இருக்கே, அதை மட்டும், யார் சொன்னான்னு யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க.