புது உறையில் பழைய கரி

ரெசின் பட்ட கையை அசிட்டோனால் கழுவக் கூடாது. எங்கள் பட்டறையில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கை பளிச்சென்று ஆகிவிடும், உண்மைதான். ஆனால் தோலில் இருக்கும் எண்ணெயையும் அது எடுத்துவிடும். பிறகு ரெசின் உள்ளே இறங்கத் தடையே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, கொஞ்சம் பொறுமை போதும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. யாருக்காவது உதவும்.

நாங்கள் செய்வது ஃபைபர் குளியல் தொட்டி. அச்சின் மேல் கண்ணாடி நாரை விரித்து, ரெசின் என்ற திரவப் பிசினை ஊற்றி, காற்றுக்குமிழி தங்காமல் ரோலரால் தேய்க்க வேண்டும். பதினோரு வருடம் தேய்த்தேன். என் கணவரின் தங்கையைக் கட்டியவன் விட்டுப்போனான். அவள் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தபோது, நான்தான் சூப்பர்வைசரிடம் கெஞ்சி அவளையும் சேர்த்துவிட்டேன். தொழிலையும் நானே சொல்லிக்கொடுத்தேன். கையுறை இரண்டு அடுக்கு. வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. மாஸ்க் போட்டிருக்கும்போதே ரெசின் வாசனை வந்தால் ஃபில்டருக்குள் இருக்கும் கரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வெளியே வந்து மாற்ற வேண்டும்.

"விட்டா குளிக்கும்போதுகூட கையுறை போட்டுப்பீங்க, அண்ணி" என்று சிரிப்பாள்.

அப்புறம் ஏழு மாதம் பட்டறைக்கு ஃபில்டரே வரவில்லை. "துணியைக் கட்டிக்கிட்டு செய்ங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் கட்டிக்கொண்டோம். முதலில் தாங்காமல் போனது என் உடம்புதான். இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு விட்டால் விசில் அடித்தது. இனி ரெசின் பக்கமே போகாதே என்றார் டாக்டர்.

எனக்கு எப்படி இப்படி ஆனது என்று விசாரிக்கத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் வந்தார்கள். மாஸ்க் கொடுத்தார்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். மற்றவர்கள் ஞாபகமில்லை என்று மென்று விழுங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் ஒருத்திதான் தெளிவாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். மாஸ்க் கொடுத்தார்கள், அண்ணிதான் போடவில்லை. என் கவனக்குறைவுதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். பதினோரு வருடத்தில் ஒரு சொட்டு ரெசினை வீட்டு வாசலுக்குக் கொண்டுவராதவள் நான். அடுத்த வாரம் அவள் லைன் லீடர் ஆனாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"எனக்கு வேற வழி தெரியல, அண்ணி. உங்களுக்கு அண்ணன் இருக்காரு. இந்த வேலையை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"ஆறிப்போகுது, சாப்பிடு" என்றேன்.

அவளுக்கு நான் இருந்தேன். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

என்னைப் பட்டறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். விசாரணைக்குப் பயந்து பெட்டி பெட்டியாக ஃபில்டர் வாங்கி அடுக்கியிருந்தார்கள். பழையதைத் திருப்பித் தந்தால் நான் புதியது தர வேண்டும். எல்லோருக்கும் அப்படியே தந்தேன், ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. அவளுக்கு மட்டும், திரும்பி வந்தவற்றில் ஒன்றைத் துடைத்து, புது உறையில் போட்டு, ஓரத்தை ஒட்டிக் கொடுத்தேன். சுத்தமாகத்தான் துடைப்பேன்.

மூன்றாம் நாளே வந்து நின்றாள்.

"இதுல வாசனை வருது, அண்ணி. வந்தா மாத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது பழைய மாஸ்க்குக்குச் சொன்னது. இதுல கொஞ்சம் வரத்தான் செய்யும். நாலு நாள்ல பழகிடும்."

"நீங்க சொன்னா சரி."

பழகிவிட்டது. மூக்கைப் போல ஏமாளி உடம்பில் வேறு எதுவும் இல்லை. பதினான்கு மாதம். தலைவலி வந்தது. படியில் தடுமாறினாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். சாயங்காலங்களில் நான்தான் அவளுக்குத் தலை பிடித்துவிடுவேன். அதில் நடிப்பு எதுவும் கிடையாது. அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. துணி கட்டிக்கொண்டு வேலை செய்த நாட்கள் அவளுக்கு மறந்துபோயிருந்தன; ஞாபகப்படுத்த நினைத்தேன், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை காலை எலெக்ட்ரீஷியன் ஸ்டோருக்கு வந்தார். "பெரிய அச்சுக்கிட்ட ஆவியை வெளியே இழுக்கற ஃபேனைக் கழட்டியிருக்கேம்மா. மத்தியானம் வரைக்கும் யாரையும் உள்ள இறங்க வேணாம்னு சொல்லிடுங்க" என்றார். சரி என்றேன்.

அரை மணி நேரத்தில் அவள் வந்தாள். மருத்துவமனை ஒன்றுக்கு ஆளுயரத் தொட்டி செய்துகொண்டிருந்தார்கள். அச்சுக்குள் இறங்கித்தான் அடியைத் தேய்க்க முடியும். ரெசின் ஆவி காற்றைவிடக் கனம். பள்ளத்தில் போய்த் தங்கும்.

"இன்னிக்கு உள்ள இறங்கணும், அண்ணி. நல்லதா ஒண்ணு குடுங்க."

பிரிக்காத பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் இழுப்பறையைத் திறந்து ஒட்டி வைத்திருந்ததை எடுத்தேன். ஃபேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஃபில்டரை மாட்டி, மாஸ்க்கின் பட்டையைப் பின்னாலிருந்து நானே இறுக்கிவிட்டேன். "பாத்து இறங்கு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

பதினொன்றரை மணிக்கு அவளை வெளியே தூக்கினார்கள். மாஸ்க் கொஞ்சமும் நழுவவில்லை. என் கணவர் அன்றிலிருந்து என் தோளில்தான் சாய்ந்து அழுகிறார். நீயாவது இருக்கிறாயே என்கிறார்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, ஐயா. நானாகத்தான் வந்திருக்கிறேன். எலெக்ட்ரீஷியனைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். ஃபேனைக் கழற்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று பட்டறையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அவர் சொன்னார். என்னிடம் சொன்னார். பாவம், இரண்டு நாளாக வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். அவரை விட்டுவிடுங்கள். செய்யாத தப்பை இன்னொருவர் தலையில் கட்டும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.